மே லீவுக்கு வெளிநாடு: பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது பிறப்புச் சான்றிதழ்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார், மே மாத லீவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஒரு மாதம் அங்கே போய் இருந்துவிட்டு வர ஆசை. மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது. அவருக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லை. திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டுமா, திருவனந்தபுரத்தில் முடியுமா, அப்பா ஊரில் இல்லாமல் நடக்குமா, டிக்கெட் இப்போது விலை குறைவாக இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுக்காதீர்கள். பாஸ்போர்ட் கிடைக்காது என்பதற்காக இல்லை, ஒழுங்காகப் போனால் சீக்கிரமே கிடைத்துவிடும். ஆனால் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி அச்சாகி வருமோ அதே எழுத்தில்தான் டிக்கெட்டும் இருக்க வேண்டும், உங்கள் பிள்ளைகள் பெயர் எப்படி அச்சாகப் போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வருஷமாக விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து வருகிற அனுபவத்தில் சொல்கிறேன், பிள்ளைகள் பாஸ்போர்ட் தடைப்பட்டு நிற்கிற இடம் போலீஸ் விசாரணையும் இல்லை, மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகமும் இல்லை. பெரும்பாலும் வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிற பிறப்புச் சான்றிதழ்தான்.

அதை இன்றைக்கே வெளியே எடுங்கள். பக்கத்தில் பிள்ளையின் ஆதார், பள்ளிக்கூட அடையாள அட்டை, உங்கள் பாஸ்போர்ட், வீட்டுக்காரர் பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, குழந்தையின் பெயர் அதில் இருக்கிறதா என்பதே. சிரிக்காதீர்கள், நிறையச் சான்றிதழ்களில் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கும். ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே பதிவு செய்வதால் பெண் குழந்தை என்று மட்டும் போட்டு, அம்மா அப்பா பெயரோடு கொடுத்துவிடுவார்கள். பெயர் பிறகுதான் வைப்போம், சேர்க்க மறந்துவிடுவோம். பிறந்து ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில்தான் செய்ய முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நம் ஆட்களுக்குச் சிக்கல் வருகிற இடமும் அதுதான். மேற்குப் பகுதியில் களியக்காவிளை, குழித்துறை, கருங்கல் பக்கத்தில் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் ஏராளம். பிறப்பு பதிவாவது பிறந்த ஊரில், வீடு இருக்கிற ஊரில் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கேரளத்து உள்ளாட்சி அமைப்புதான் சான்றிதழ் கொடுக்கும், திருத்தமும் அங்கேதான். விண்ணப்பத்தில் பிறந்த இடம் என்று கேட்கிற இடத்திலும் திருவனந்தபுரம், கேரளா என்றே போட வேண்டும். சொந்த ஊர் என்ற பாசத்தில் மார்த்தாண்டம் என்று போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்தது பிறந்த தேதி. 2025-இல் விதியை மாற்றியிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான், வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். உங்கள் சின்னவள் அந்தத் தேதிக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மூத்தவனுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவையும் செல்லும், ஆனால் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்போது எதற்கு வேறு வழி, அதையே கொடுங்கள்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரு பிள்ளையின் பெயர் அபிஷா என்று வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அபிஷா என்று மட்டும் இருக்கும். ஆதாரில் அபிஷா எஸ் என்று பின்னால் இனிஷியல். பள்ளிக்கூடத்தில் முன்னால் எஸ் போட்டு, ஆங்கிலத்தில் பி-க்கு அடுத்து ஒரு ஹெச் கூடுதல். கோவிலில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டில் மரிய அபிஷா. வீட்டில் எல்லோருக்கும் இது ஒரே பிள்ளைதான், ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு நான்கு பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, அதை விரித்துத்தான் எழுத வேண்டும். எஸ் என்பது அப்பாவின் பெயர் என்றால் அந்தப் பெயரை முழுதாகக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போடுவதுதான் நம் பக்கத்தில் வழக்கம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் விண்ணப்பம் ஏற்கப்படும், ஆனால் விடாதீர்கள். நீங்கள் போவது துபாய். ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவிலோ விசிட் விசாவிலோ வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் சிலருக்கு ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள், என்றாலும் விமான நிலையத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன? இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பாவின் பெயரை ஒரே ஸ்பெல்லிங்கில் போடுங்கள், அதுவும் அவருடைய பாஸ்போர்ட்டில் இருக்கிற ஸ்பெல்லிங்கில். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி இருந்தால் (நம்மூரில் ஜான் ரோஸ் ஒரு தாளில் சேர்ந்து ஒரே சொல்லாகவும் இன்னொன்றில் பிரிந்தும் இருப்பது சாதாரணம்) சான்றிதழைத் திருத்தி வாங்குவதுதான் நல்லது. ஆதாரில் தவறு என்றால் அதைத் திருத்துவது சுலபம், இ-சேவை மையத்திலோ தபால் நிலைய ஆதார் மையத்திலோ முடிந்துவிடும். மூத்தவனுக்கு ஐந்து வயது தாண்டியபோது செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்தத் தாளைத் திருத்துவது என்று குழப்பம் வந்தால், பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு இணங்கக் கொண்டுவாருங்கள். திருமுழுக்குப் பெயரை விண்ணப்பத்தில் வேறு பெயர் உண்டா என்கிற இடத்தில் கொண்டுபோய் எழுத வேண்டாம். அது அரசு ஆவணம் எதிலும் இல்லாதபோது தேவையில்லாத கேள்விகளைத்தான் கொண்டுவரும்.

இனி அப்பாவின் கையெழுத்து. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அம்மா அப்பா இருவரும் கையெழுத்துப் போட்ட அனெக்ஷர் டி என்ற உறுதிமொழித் தாள் வேண்டும். வெள்ளைத் தாளில் எடுத்தால் போதும், முத்திரைத் தாளோ நோட்டரியோ தேவையில்லை, 2016 டிசம்பரிலேயே அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இன்னமும் நோட்டரிக்கு என்று பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். அவர் அங்கே துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாக, பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சம்மதம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும், நீங்கள் இங்கே உங்கள் பங்குக்கு அனெக்ஷர் டி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பத்திரம் வாங்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவது வேண்டாம், அசல் தாள் கையில் வரட்டும். கூரியரில் வரலாம், இல்லாவிட்டால் நம் ஊருக்கு லீவில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள், அப்படி ஒருவர் இல்லாத வாரமே இருக்காது. அவரே கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ லீவில் வருகிறார் என்றால் இன்னும் எளிது. அந்த நாட்களில் அப்பாயின்ட்மென்ட் விழும்படி முன்கூட்டியே பதிவு செய்து இருவரும் சேர்ந்து போய்விட்டு வாருங்கள், துபாயிலிருந்து வர வேண்டிய பத்திரமே தேவைப்படாது, இருவரும் கையெழுத்திட்ட அனெக்ஷர் டி போதும்.

இதே இடத்தில் தூத்தூர், சின்னத்துறை, குளச்சல் பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கு கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. விசைப்படகு கிளம்புவதற்கு முன்பே தாளில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள், பாஸ்போர்ட்டின் அசலையும் வீட்டிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள். படகு போன பிறகு அப்பாயின்ட்மென்ட் தேதியைப் பார்த்துக் கவலைப்படுகிற அம்மாக்கள் நிறையப் பேர்.

கணவரிடமிருந்து சம்மதம் வாங்கவே முடியாத நிலையில் இருக்கிற அம்மாக்களும் இதைப் படிப்பீர்கள். பிரிந்து வாழ்கிறீர்கள், வழக்கு நடக்கிறது, ஆள் எங்கே என்றே தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வழி உண்டு. அதற்கு அனெக்ஷர் சி என்று தனித் தாள் இருக்கிறது, மற்றவரின் சம்மதம் ஏன் இல்லை என்பதை அதில் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பத்தில் அம்மா அப்பா இருவரில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் போதும். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதை எடுத்துச் செல்லுங்கள். யாராவது அப்பா வராமல் முடியாது என்று வாசலிலேயே சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள், உள்ளே அதிகாரியைப் பார்த்துப் பேசுங்கள்.

எங்கே போவது என்ற கேள்வி. நம் மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, அதன் கீழ் திருநெல்வேலியில் சேவை மையம் இருக்கிறது. இது போக அஞ்சலகச் சேவை மையங்களும் உண்டு, விண்ணப்பத்தில் இடம் தேர்வு செய்யும்போது எதில் எந்தத் தேதி காலி என்று திரையிலேயே காட்டும். 2018-லிருந்து இந்தியாவில் எந்த அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள், அதனால் திருவனந்தபுரம் அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்து வழுதக்காடு மையத்துக்கோ நெய்யாற்றின்கரை மையத்துக்கோ போகலாம். உங்களுக்கு நான் சொல்வது நெய்யாற்றின்கரைதான், களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும், மூன்று வயதுக் குழந்தையோடு திருநெல்வேலி வரை போய்த் திரும்புவதைவிட எவ்வளவோ மேல். நாகர்கோவில், தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்களுக்குத் திருநெல்வேலிதான் வசதி, வடசேரியிலிருந்து எண்ட் டு எண்ட் பஸ் பிடித்தால் இடையில் நிற்காமல் போய்விடலாம். கேரளத்து மையத்தில் கொடுத்தாலும் போலீஸ் விசாரணை என்று ஒன்று வந்தால் அது நீங்கள் கொடுத்த முகவரிக்குரிய நம்மூர் காவல் நிலையத்துக்குத்தான் வரும், பாஸ்போர்ட்டும் நம் வீட்டுக்கே தபாலில் வரும். அதனால் முகவரியை இப்போது இருக்கிற வீட்டுக்கே கொடுங்கள். நிறைய அம்மாக்களின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன் நர்சிங் வேலைக்காக எடுத்தது, அதில் பிறந்த வீட்டு விலாசம் இருக்கும். அப்படியென்றால் இப்போதைய விலாசம் உள்ள உங்கள் ஆதாரை முகவரிச் சான்றாக வையுங்கள், பிள்ளைக்கு அம்மா அப்பா பெயரில் உள்ள சான்றே போதும்.

அம்மா அப்பாவிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை வைப்பதில்லை. அதனால்தான் உங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் முக்கியம், உங்களுடையது அசலும் நகலும், அவருடையது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் நகல். உங்கள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லையென்றால் அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், திருமணச் சான்றிதழ் கட்டாயமும் இல்லை, இருந்தால் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தை அரசின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள், முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிய வேண்டும். அதே மாதிரி முகப்பு வைத்துப் பணம் பிடுங்குகிற போலித் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும். கட்டணம் பிள்ளைக்கு 1,000 ரூபாய், எட்டு வயது வரை உள்ள குழந்தைக்குப் புதுப் பாஸ்போர்ட்டில் பத்து சதவீதம் குறைவு, ஆக மூத்தவனுக்கு 1,000, சின்னவளுக்கு 900. தட்கல் என்றால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக 2,000. உங்களுக்குத் தட்கல் வேண்டாம், நேரம் இருக்கிறது. தட்கல் போட்டால் ஸ்பெல்லிங் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், தாளில் உள்ள தவறு தட்கலிலும் தவறுதான். ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம், இரண்டுக்கும் அடுத்தடுத்த நேரமாகப் பார்த்துப் பதியுங்கள். மார்ச் தாண்டிவிட்டால் லீவுக் கூட்டம் சேர்ந்துவிடும், ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடப் பாருங்கள்.

போட்டோ விஷயம் சின்னவளுக்கு மட்டும். பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் அங்கேயே எடுப்பார்கள், நான்கு வயதுக்குக் கீழ் என்றால் நாம் கொண்டுபோக வேண்டும், வெள்ளைப் பின்னணியில் 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர். ஸ்டூடியோவுக்குப் போகும்போது வெள்ளைச் சட்டை போடாதீர்கள், பின்னணியோடு கலந்து கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டை அழித்துவிடுங்கள், முடி நெற்றியையோ காதையோ மறைக்காமல் பின்னால் ஒதுக்கி, கண் திறந்து நேராகப் பார்க்கும் படமாக ஒன்றுக்கு நான்கு தடவை எடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குப் பெருவிரல் ரேகை, ஆணுக்கு இடது, பெண்ணுக்கு வலது. மூத்தவன் தன் பெயரை எழுதுவான் என்றால் வீட்டிலேயே நாலு தடவை ஒரே மாதிரி எழுதிப் பழகட்டும், அவ்வளவுதான்.

மையத்துக்குள் போனதும் ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ கவுண்டரில் தாள்களை ஸ்கேன் செய்து, விவரங்களைத் திரையில் காட்டிச் சரியா என்று கேட்பார்கள். முழு வேலையிலும் மிக முக்கியமான நிமிஷம் இதுதான். குழந்தை அழுதாலும், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை, பெயர், குடும்பப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாவற்றையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறு இருந்தால் அங்கேயே சொன்னால் உடனே மாற்றித் தருவார்கள். அச்சாகி வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடித்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி அலைச்சல். பி, சி கவுண்டர்களில் அசல் தாள்களைப் பார்ப்பார்கள், ஓரிரண்டு கேள்வி கேட்பார்கள். பிள்ளையிடமும் பெயர் என்ன, என்ன படிக்கிறாய் என்று கேட்கலாம், வீட்டுச் செல்லப்பெயரைச் சொல்லாமல் முழுப்பெயரைச் சொல்லச் சொல்லி வையுங்கள். ஒரு தாள் குறைந்தது என்று திருப்பி அனுப்பினாலும் பதறாதீர்கள், கட்டிய பணம் ஒரு வருஷத்துக்குச் செல்லும், அதற்குள் அடுத்த அப்பாயின்ட்மென்ட் எடுக்கலாம்.

கல்ஃப் என்றதும் எல்லோரும் கேட்கிற குடியேற்றச் சோதனை முத்திரை (ஆங்கிலத்தில் ECR) பற்றிப் பிள்ளைகளுக்குக் கவலை இல்லை, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அந்தச் சோதனை தேவைப்படாத பிரிவிலேயே வருகிறார்கள். அதற்கு வயதுச் சான்றே போதும்.

பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்ட்டில் வரும். தபால்காரர் அடையாள அட்டை பார்த்துக் கையில்தான் கொடுப்பார், வீடு பூட்டியிருந்தால் தபால் நிலையத்துக்கே திரும்பிப் போய்விடும். வந்ததும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தெளிவாக ஸ்கேன் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள், விசா விண்ணப்பம் அதை வைத்துத்தான். பிள்ளைகள் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், அதிலும் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதால் உண்மையில் நான்கரை வருஷம் என்று கணக்கு வையுங்கள். காலாவதி ஆவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதிதாக விண்ணப்பிக்கலாம். எண் மாறிவிடும், பழையதில் ஓடுகிற விசா இருந்தால் அந்தப் புத்தகத்தையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு பிறப்புச் சான்றிதழிலும் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறது, பதிவு எந்த ஊர் என்று பார்ப்பது. எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள் (சான்றிதழ் எண்ணோ ஆதார் எண்ணோ எங்கேயும் போட வேண்டாம்), எந்தத் தாளை முதலில் திருத்துவது, அதற்கு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்கிறேன்.